இரு கரைக்கும் ஒரே கோல்

அறவியல், அரசியல் தத்துவம் ஆகிய இரண்டும் கற்றறிந்தோர்க்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. கிரேக்கப் பெயர்களும் ஜெர்மானியச் சொற்களும் தடித்த நூல்களும் அவர்களை அச்சுறுத்துகின்றன. வேறு சிலர் நேர்மாறாக நினைக்கின்றனர். பொய் சொல்லாதே, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று பாட்டி சொல்லித் தந்ததற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. இரு சாராருமே வாசலோடு நின்றுவிடுகின்றனர்.

பாட்டி சொன்னது உண்மைதான். பிறர் பொருளைக் கவரக் கூடாது. ஆனால் பிறர் பொருள் என்பது எது? ஒருவர் விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்கு அடியில் ஊறும் தண்ணீர் அவருடையதா, ஊராருடையதா? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். சரி, கொள்ளுப்பாட்டனாருக்கும் மூத்த தலைமுறையில் யாரோ கொடுத்த வாக்கையுமா? பாட்டியின் அறிவுரை எங்கே முடிகிறதோ அங்கேதான் தத்துவம் தொடங்குகிறது.

தனி மனிதன் எவ்வாறு வாழ வேண்டும் என்று ஆராய்வது அறவியல். பலர் கூடி வாழும்போது யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள், யாருடைய ஆணைக்கு யார் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று ஆராய்வது அரசியல் தத்துவம். அரசியல் என்றவுடன் கட்சிகளையும் தேர்தலையும் நினைக்க வேண்டியதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் 'அரசியல்' என்று ஓர் இயலே உண்டு. அங்கே அந்தச் சொல் எந்தப் பொருளில் ஆளப்படுகிறதோ அதுவே இங்கும் பொருள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்து நாட்டுத் தத்துவஞானி டேவிட் ஹ்யூம் கூர்மையான ஒரு கருத்தைச் சொன்னார். எல்லாப் பொருளும் எல்லோருக்கும் தட்டின்றிக் கிடைக்கும் இடத்தில் நீதி என்ற ஒன்று தேவையே இல்லை. பற்றாக்குறை எல்லை மீறிப்போய் உயிர் பிழைப்பதே பெரும்பாடாகிவிட்ட இடத்தில் நீதியால் நிற்க முடிவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் மனிதருக்கு நீதி தேவைப்படுகிறது என்பது அவருடைய வாதம். தட்டின்றிக் கிடைப்பதால் யாரும் சொந்தம் கொண்டாடாத பொருள்களுக்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று தண்ணீர். மழை ஓயாத ஒரு நாட்டில் இருந்துகொண்டு அவர் அதை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேரளத்தையும் மழை ஓயாத நாடு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள சித்தூர் வட்டம் மழை மறைவுப் பகுதி. கேரளத்தின் பிற பகுதிகளில் பெய்வதைவிட இங்கே மழை மிகவும் குறைவு. தமிழ் பேசுவோர் நிறைந்த இந்த வட்டாரத்தில்தான், பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடை என்னும் சிற்றூர் உள்ளது.

பிளாச்சிமடையில் எழுந்த கேள்வி

2000-ஆம் ஆண்டில் கோகோ கோலா நிறுவனத்தின் இந்தியக் கிளை பிளாச்சிமடையில் ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. குளிர்பானத்துக்கு மூலப்பொருள் தண்ணீர். நாள்தோறும் பல லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் ஆழ்துளைக் கிணறுகளின் வழியாக எடுக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே கிணறுகள் வற்றுகின்றன, வற்றாத கிணறுகளிலும் நீர் குடிக்கவோ சமைக்கவோ உதவாதபடி மாறிவிட்டது என்று சுற்றியிருந்த குடியிருப்புகளின் மக்கள் முறையிடலாயினர். அவர்களில் பெரும்பாலோர் இரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர். கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். பெண்கள் நெடுந்தூரம் நடந்து குடிநீர் சுமந்து வர வேண்டியதாயிற்று. 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே பந்தல் அமைத்து அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அதன் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்ற இரவாளர் இனப் பெண்மணி. 2007-இல் மறையும் வரை அவர் அந்தப் போராட்டத்தின் முகமாக விளங்கினார். நிறுவனம் தன்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை மறுத்தது. மழை பொய்த்ததே காரணம் என்றது.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது மனம் உடனே ஒரு பக்கம் சாய்கிறது. அது இயல்பே. எனினும், தத்துவப் பயிற்சி என்பது அந்தச் சாய்வுக்குக் காரணம் கேட்பதில் இருக்கிறது. எந்தக் கொள்கையின்படி அந்தப் பக்கம் நியாயமானது?

நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் அடியில் உள்ள நீரும் சொந்தம். இது ஒரு கொள்கை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் கூறுகிறது. சொத்துரிமைக்குத் தத்துவ அடிப்படை வகுத்தவர்களுள் முதன்மையானவர் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜான் லாக். பொதுவாகக் கிடக்கும் ஒரு பொருளில் மனிதன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்றார் அவர். ஆனால் அதற்கு அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில், எஞ்சியிருக்க வேண்டும். இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமையும் தண்ணீர்தான். ஆற்றில் ஒருவன் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனால், முழு ஆறும் அப்படியே இருப்பதால், அடுத்தவனுக்கு ஓர் இழப்பும் இல்லை. லாக் சொன்ன ஆறு வற்றுவதில்லை. சித்தூரின் நிலத்தடி நீர் அத்தகையதன்று. ஆகவே லாக்கைத் துணைக்கழைக்கும் நிறுவனம் அவருடைய நிபந்தனையையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நிலத்துக்கு அடியில் ஓடும் நீர் வேலி போட்ட எல்லையில் நின்றுவிடுவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 34 ஏக்கரில் இறக்கிய குழாய் எத்தனை ஏக்கரின் நீரை இழுக்கிறது என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது.

மற்றொரு கொள்கை பயனை வைத்து எடை போடுவது. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே சரியான செயல் என்று ஜெரமி பெந்தாம் வகுத்ததைப் பயன்வாதம் என்பர். எளிமையும் சமத்துவமும் உடைய கொள்கை இது. அரசனின் நன்மையும் கூலியாளின் நன்மையும் ஒரே எண்ணாகவே இதில் கூட்டப்படுகின்றன. ஆயினும் தராசின் ஒரு தட்டில் சில நூறு பேருக்கு வேலை, அரசுக்கு வரி, நாடெங்கும் குளிர்பானம் அருந்துவோர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஒரு நிமிட இன்பம் ஆகியவற்றையும், மறு தட்டில் சில நூறு குடும்பங்களின் குடிநீரையும் வைத்தால் என்ன ஆகும்? சிறு இன்பங்களைக் கோடிக்கணக்கில் கூட்டினால், சிலருடைய தாகத்தை அது விஞ்சிவிடும் அபாயம் உண்டு. இப்படிப்பட்ட கூட்டலே தவறு, மனிதன் யாரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று தடுத்தவர் இம்மானுவேல் காண்ட். குடிநீரும் குளிர்பானமும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல என்று பிளாச்சிமடைப் பெண்கள் உணர்ந்ததும் இதையே.

மூன்றாவது கொள்கை, தண்ணீர் எவருக்கும் சொந்தமில்லை, அனைவருக்கும் பொது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்பது. காற்றும் ஓடும் நீரும் கடலும் பொது என்ற ரோமானியச் சட்டத்தில் வேர் கொண்ட இக்கருத்தை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1996-இல் ஏற்றது. 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் பிளாச்சிமடை வழக்கில் இதையே அடிப்படையாகக் கொண்டு தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தம். அதை அளவின்றி எடுக்க ஒரு நிலவுடைமையாளரை அனுமதிக்கும் உரிமை அரசுக்குக் கிடையாது. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவையே நிறுவனமும் எடுக்கலாம் என்றார். 2005 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பை மாற்றியது. சட்டம் தடுக்காத வரை தன் நிலத்தில் நியாயமான அளவு நீர் எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று கூறி, நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்று, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது.

ஒரே நீதிமன்றம், ஒரே கிணறு, இரு தீர்ப்புகள். நீதிபதிகளுள் ஒரு சாரார் நல்லவர், மறு சாரார் தீயவர் என்று இதற்குப் பொருளல்ல. ஒருவர் பொதுவுடைமை என்ற கொள்கையிலிருந்து புறப்பட்டார். மற்றவர்கள் தனியுடைமை என்ற கொள்கையிலிருந்து புறப்பட்டனர். புறப்பட்ட இடம் வேறாகவே சேர்ந்த இடமும் வேறாயிற்று. தத்துவம் நூலகத்தில் உறங்குவதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொழிற்சாலை 2004 மார்ச்சிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது, மீண்டும் தொடங்கவில்லை. அங்கே இனி உற்பத்தியைத் தொடங்கும் எண்ணம் இல்லை என்று 2017-இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் பாதிப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. அமர்த்தியா சென் 2009-இல் வெளிவந்த தம் நூலில் நம் மரபிலுள்ள 'நீதி', 'நியாயம்' என்ற இரு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். விதிகளும் அமைப்புகளும் செம்மையாக இருப்பது நீதி. மனிதர்களுடைய வாழ்க்கையில் அது உண்மையாகவே வந்து சேர்வது நியாயம். பிளாச்சிமடையில் முன்னதற்கும் பின்னதற்கும் இடையே உள்ள தூரம் இன்னும் குறையவில்லை.

கோலை எடுத்துக்கொண்டு தெற்கே

இதுவரை படித்ததில் தமிழ் வாசகருக்குப் பெரிய தயக்கம் ஏதும் இருந்திருக்காது. ஒரு பக்கம் ஏழை எளிய உள்ளூர் மக்கள். மறு பக்கம் பெரும் நிறுவனம். 'அந்த மண்ணில் வாழ்கிறவர்களுடைய சொல்லுக்கே முதலிடம். தீங்கு யாருக்கு நேருமோ அவர்களுடைய அச்சத்தைப் புறக்கணிக்கக் கூடாது' என்ற கொள்கையை மனம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. ஒரு கொள்கையை ஏற்பது எளிது. அதன் விலை தெரிவது, அது நமக்கு எதிராகத் திரும்பும்போதுதான். எனவே அதே கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லையோரமாகவே தெற்கு நோக்கிச் சென்று, இடுக்கி மாவட்டத்தின் குமுளியை அடைவோம். இங்கும் வழக்குத் தண்ணீரைப் பற்றியதே. ஆனால் இம்முறை தமிழ் வாசகர் வெறும் பார்வையாளர் அல்லர்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் வைகைப் படுகையும் வாடியது. மலைக்கு அப்பால் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகை, காலம் 999 ஆண்டுகள். பென்னி குயிக் என்ற பொறியாளரின் தலைமையில், காட்டு விலங்குகளுக்கும் மலேரியாவுக்கும் வெள்ளத்துக்கும் இடையே, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்ட அணை 1895-இல் திறக்கப்பட்டது. சுரங்க வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் அந்த நீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு வாழ்வளிக்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களில் பென்னி குயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். நன்றியறிதலுக்கு இதைவிட அழகிய உதாரணம் கிடைப்பது அரிது.

இனி மறு கரை. அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து என்று ஆற்றை ஒட்டி ஊர்கள் உள்ளன. 1979-இல் குஜராத்தில் மோர்வி நகருக்கு அருகே மச்சு அணை உடைந்து பேரழிவு ஏற்பட்டது. நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிக் கேரளத்தில் அச்சம் பரவியது அதன் பின்னரே. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணை பலப்படுத்தப்பட்டது. பலப்படுத்திய பின் மட்டத்தை உயர்த்தலாம் என்றது தமிழகம். கூடாது என்றது கேரளம். 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அணை பாதுகாப்பாக உள்ளது என்று நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்து, 142 அடியை உறுதி செய்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது.

இப்போது கோலை வைத்து அளக்க வேண்டும். 'அந்த மண்ணில் வாழ்கிறவர்களுடைய சொல்லுக்கே முதலிடம்' என்றால், வண்டிப்பெரியாற்று மக்களின் சொல்லே இறுதியானது. தமிழ் வாசகர் இங்கே தயங்குகிறார். 'அப்படியல்ல. ஒப்பந்தம் இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, நிபுணர் அறிக்கை இருக்கிறது' என்கிறார். பத்திரம், தீர்ப்பு, நிபுணர் அறிக்கை ஆகிய மூன்றுமே 2005-இல் பிளாச்சிமடையில் நிறுவனத்திடமும் இருந்தன!

இது ஒரு பக்கத்தாருக்கு மட்டும் வைக்கப்பட்ட சோதனை அன்று. பிளாச்சிமடையில் 'தண்ணீர் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது' என்று முழங்கிய கேரள நண்பர், குமுளிக்கு வந்ததும் 'பெரியாறு கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே கடலைச் சேரும் ஆறு. அது எங்களுடையது' என்று சொல்வாரானால், அவரும் வழியில் எங்கோ கோலை மாற்றிக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் இரண்டு வழக்குகளும் ஒன்றா? நிச்சயமாக இல்லை. பிளாச்சிமடையில் தண்ணீரை எடுத்தது இலாபம் கருதிய ஒரு நிறுவனம். முல்லைப் பெரியாற்று நீரை நம்பி இருப்பவர்களோ ஐந்து மாவட்டங்களின் உழவர்கள். அங்கே மக்கள் முறையிட்டது நேர்ந்துவிட்ட தீங்கைப் பற்றி. இங்கே அஞ்சுவது நேரக்கூடிய ஒன்றை. இவை மெய்யான, பொருட்படுத்த வேண்டிய வேறுபாடுகள். இரு வழக்குகளில் இரு வகையாகத் தீர்ப்புச் சொல்வது முரண்பாடு ஆகாது, வேறுபாட்டை எடுத்துச் சொல்ல முடிந்தால். அவ்வாறு சொல்லும் வேறுபாடு 'இது நம்முடையது, அது அவர்களுடையது' என்பதைத் தவிர வேறொன்றாக இருக்க வேண்டும். எதிர்க்கரையில் இருப்பவரும் அதைக் கேட்டு ஆராயக் கூடியதாக இருக்க வேண்டும். தத்துவம் தொடக்க மாணவரிடம் எதிர்பார்ப்பது இவ்வளவே. ஆனால் இது சிறிய எதிர்பார்ப்பு அன்று.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்

அந்த ஒப்பந்தத்தின் காலம் தனியே சிந்திக்கத் தக்கது. 2884-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது முடிகிறது. கையெழுத்திட்டவர்கள் திருவிதாங்கூரின் திவானும் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியும். கம்பத்து உழவரையும் கேட்கவில்லை, பீருமேட்டு மலைவாசியையும் கேட்கவில்லை. அன்றைய உலகில் கேட்பது வழக்கமும் இல்லை.

இறந்தவர்கள் இருப்பவர்களைக் கட்டுப்படுத்த முடியுமா? 1789-இல் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் தம் நண்பர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கேட்டு, முடியாது என்றார். பூமி உயிரோடு இருப்பவர்களின் அனுபவத்துக்கு உரியது. ஆகவே எந்தச் சட்டமும் ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது. இறப்புக் கணக்கைப் பார்த்து அந்தக் காலத்தை அவர் 19 ஆண்டுகள் என வரையறுத்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் எட்மண்ட் பர்க் இதற்கு நேர் எதிரான கருத்தை எழுதினார். சமுதாயம் என்பது வாழ்பவர்களுக்கு இடையே மட்டும் ஏற்பட்ட கூட்டு அன்று. மறைந்தோரும் இனிப் பிறப்போரும் அதில் பங்காளிகள் என்பது அவர் கொள்கை. 19 ஆண்டுகளில் எல்லா வாக்குறுதியும் காலாவதி ஆகுமானால் யாரும் அணை கட்ட மாட்டார்கள். எந்த உழவரும் தென்னை வைக்க மாட்டார். 999 ஆண்டுகளுக்கு எல்லாம் முடிந்த முடிவு என்றால், பிறக்கப் போகும் முப்பது நாற்பது தலைமுறைகள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்தே பிறப்பார்கள்.

நடைமுறை இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. 1970 மே 29 அன்று, இம்முறை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு மாநில அரசுகளும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு வந்தது. மின் உற்பத்திக்கான அனுமதி தமிழகத்துக்குக் கிடைத்தது. முன்னோர் செய்த வாக்கைப் பின்னோர் தாமே மீண்டும் ஏற்கும்போது அது புதிய வாக்காகிறது என்பதை மறுப்பது கடினம். தமிழகத்தின் வழக்கு வலிமை பெறுவது 1886-இல் என்பதைவிட 1970-இல் என்பதே பொருத்தம்.

எனினும் உரிமை உறுதியாவதால் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடுவதில்லை. ஆபத்து எவ்வளவு என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லலாம். எஞ்சியிருக்கும் ஆபத்தை, அது எவ்வளவு சிறிதாயினும், யார் தாங்க வேண்டும் என்பதைப் பொறியாளரால் சொல்ல இயலாது. அது கணிதத்தின் வேலை அன்று, அறவியலின் வேலை. முல்லைப் பெரியாற்றில் நன்மை ஒரு சரிவிலும் அச்சம் மறு சரிவிலும் இறங்குகின்றன. சிக்கலின் முள் இங்கே இருக்கிறது. 'தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு' என்பது கேரளம் பல்லாண்டுகளாகச் சொல்லி வரும் வாசகம். அதற்காகப் புதிய அணை கட்ட வேண்டும் என்கிறது. பழைய அணையோடு பழைய உரிமையும் போய்விடுமோ என்பது தமிழகத்தின் ஐயம். அருகிலுள்ள சிறிய அணையைப் பலப்படுத்தினால் போதும் என்கிறது. ஒருவர் தம் பங்கைச் செய்தபின் மற்றவர் வாக்குத் தவறமாட்டார் என்பதற்கு உறுதி என்ன என்று 1651-இலேயே தாமஸ் ஹாப்ஸ் கேட்டிருக்கிறார். வலிமையான நடுவர் ஒருவர் இல்லாத இடத்தில் வாக்குறுதிகள் வெறும் சொற்களே என்றார் அவர். உச்ச நீதிமன்றம் இருந்தும் நம்பிக்கை இல்லாமற் போனதற்கு ஹாப்ஸிடம் பதில் இல்லை.

யட்சனின் குளம்

நம் இதிகாசத்திலும் தண்ணீர் வழக்கு ஒன்று உண்டு. வன பர்வத்தில், தாகத்தால் வாடிய பாண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரு நீர்நிலைக்குச் செல்கின்றனர். இது முன்பே நான் கைக்கொண்ட இடம், என் கேள்விகளுக்கு விடை கூறாமல் குடிக்கக் கூடாது என்கிறது ஒரு குரல். தாகத்தின் வேகத்தில் நால்வர் அதைப் பொருட்படுத்தாமல் குடித்து வீழ்கின்றனர். யுதிஷ்டிரர் மட்டும் நின்று கேட்கிறார். யட்சனின் வினாக்களும் அவருடைய விடைகளும் புகழ்பெற்றவை. அவை முடிந்தபின் வரும் சிறு பகுதியே இங்கு நமக்கு முக்கியம்.

தம்பியருள் ஒருவரை மட்டும் உயிர்ப்பிப்பதாக யட்சன் சொல்கிறான். யுதிஷ்டிரர் நகுலனைக் கேட்கிறார். யானை பலம் கொண்ட பீமனை விட்டு, வில்லாளி அர்ஜுனனை விட்டு, நகுலனா? வரவிருக்கும் போரை நினைத்தால் இது பயன்வாதக் கணக்குக்கு ஒத்து வராத தேர்வு. அவர் கூறும் காரணம் எளியது. தந்தைக்கு இரு மனைவியர். குந்திக்கு மகனாகத் தாம் இருக்கிறார். மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்க வேண்டும்.

மாத்ரி அங்கே இல்லை. உயிரோடும் இல்லை. அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவள் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்து யுதிஷ்டிரர் பேசுகிறார். 1971-இல் வெளிவந்த நூலில் அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ராவ்ல்ஸ் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். சமுதாயத்துக்கு விதிகள் வகுப்பவர், அச்சமுதாயத்தில் தாம் யாராகப் பிறப்போம் என்பதை அறியாதபடி ஒரு திரைக்குப் பின் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உழவரா, தோட்டத் தொழிலாளியா? அணைக்கு மேலா, கீழா? எதுவும் தெரியாது. அந்நிலையில் அவர் ஏற்கும் விதியே நியாயமான விதி. ராவ்ல்ஸ் அறியாமைத் திரை ஒன்றைப் போட்டுச் சாதிக்க முயன்றதை, யுதிஷ்டிரர் யார் யார் என்று முற்றும் அறிந்திருந்தும் செய்தார். இரண்டாவதே கடினம் என்று தோன்றுகிறது.

நடுவில் நிற்பது என்றால் பற்றே இல்லாமல் இருப்பது என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். திருவள்ளுவர் நடுவுநிலைமை என்ற அதிகாரத்தைத் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். பிள்ளைகளும் வயலும் உடையவருக்கே அது தேவை. கம்பத்து உழவர் தம் தண்ணீருக்காக வாதாடுவதை எந்த அறமும் தடுக்கவில்லை. தம்முடைய வாதத்தை வண்டிப்பெரியாற்றில் வீடு உள்ள ஒருவர் கேட்பதாக எண்ணிக்கொண்டு அவர் வாதாட வேண்டும் என்பதே கேள்வி. எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பங்கிடுவதும் நடுவுநிலைமை ஆகாது. சில வழக்குகளில் ஒரு பக்கமே முழுவதும் சரியாக இருக்கலாம்.

எதிர்க்கரை என்று சொல்லும்போது அங்கே இருப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமிழர்கள். அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுள்ளும் அவர்கள் உண்டு. 2011 டிசம்பரில் அணையைக் குறித்து எல்லையில் பதற்றம் மூண்டபோது, முதலில் வேலையும் கூலியும் இழந்தவர்கள் காலையில் குமுளி வழியே மலையேறி மாலையில் கம்பத்துக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளர்கள். 'நாம்', 'அவர்கள்' என்று வரைபடத்தில் போட்ட கோடு அவர்கள் வீட்டு முற்றத்தின் நடுவே ஓடியது.

இடம் மாறி நிற்பது என்பது முழுக் கற்பனையும் அன்று. முல்லைப் பெரியாற்றுத் துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தான அதே 1970 மே 29 அன்று, அதே இரு மாநிலங்கள் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டன. அதன்படி ஆனைமலைப் பகுதியின் நீரைத் தமிழகம் கோவைச் சமவெளிக்குத் திருப்புகிறது. பதிலுக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு விட வேண்டும். இங்கே அணைகளின் மதகுகளைத் திறப்பது தமிழகம். கீழே காத்து நிற்பவர் கேரள உழவர். மழை குறைந்த ஆண்டுகளில் ஒப்பந்தப்படி வர வேண்டிய நீர் வரவில்லை என்று அவர் முறையிடுகிறார். அணையிலேயே நீர் இல்லாதபோது எங்கிருந்து விடுவது என்று தமிழக அதிகாரிகள் கேட்கின்றனர். ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றிக் குமுளியில் தமிழகம் சொல்வதைச் சித்தூரில் கேரளம் சொல்கிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்று குமுளியில் கேரளம் சொல்வதைச் சித்தூரில் தமிழகம் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்யலாம் என்ற விதி இந்த ஒப்பந்தத்தில் உண்டு. 1988-இல் வந்த அந்தத் தவணை தொடர்பான பேச்சுகள் இன்று வரை முடிவுக்கு வரவில்லை. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு நீராண்டு என்று வைத்து, மணக்கடவில் எவ்வளவு நீர் கடந்தது என்பதை இரு மாநிலப் பொறியாளர்களும் கணக்கிட்டு வருகின்றனர்.